அவசரம் லேது

தபிதா அதுவரை பேக்டரிப் பக்கம் வந்ததே இல்லை. வரவேண்டிய வேலையும் இல்லை, வர ஆசையும் இல்லை. ஜூன் மாசம் பிறந்தால் சித்தூரிலிருந்து பங்காருபாளையம் போகிற ரோட்டில் மாம்பழ லாரியும் டிராக்டருமாக வரிசை கட்டி நிற்கும். மாங்கூழ் பேக்டரியின் கேட்டில் தன் முறை வருவதற்குள் அடியில் கிடக்கிற பழம் கனிந்து, நசுங்கி, சாறு வடிந்து, தார் ரோடு நடக்கிறவர் செருப்பைப் பிடித்து இழுக்கும். தூரத்திலிருந்து மோந்தால் அந்த வாசனை தித்திப்பு, பக்கத்தில் போனால் குமட்டல். புருஷன் ஸ்டான்லி அங்கே வேலை முடிந்து வந்ததும் சட்டையை வெளியிலேயே கழற்றி வாளியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்கலாம் என்பது தபிதா போட்ட சட்டம். சீசன் முடிகிற வரை அவனைப் பாதி தள்ளி வைத்த கதைதான்.

அப்படிப்பட்டவள் உச்சி வெயிலில், நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தால் எப்படி இருக்கும்? டிராக்டர் மேல் நின்று பழம் அறுத்துக்கொண்டிருந்த ஸ்டான்லிக்குக் கையிலிருந்த கத்தி நழுவிவிட்டது.

அவன் வேலை அதுதான். வருகிற ஒவ்வொரு லோடிலும் மேலே ஒரு பழம், நடுவில் ஒரு பழம், அடியில் ஒரு பழம் எடுத்து அறுக்க வேண்டும். ஒரு சொட்டுச் சாற்றைச் சின்னக் குழாய்க் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இனிப்பு எவ்வளவு என்று தெரியும். கம்மி என்றால் லோடு கொண்டுவந்த ரைத்து, அதாவது விவசாயி, கெஞ்சுவார். சரி என்றாலும், இவன் மனசு மாறிவிடுமோ என்று பயந்து கெஞ்சுவார். நாள் முழுக்கத் தெலுங்கிலும் தமிழிலும் கெஞ்சல் கேட்டுக் கேட்டு, எதற்கும் முகம் கொடுக்காத ஓர் ஆளாக ஆகிவிட்டிருந்தான்.

"ஏங்க, கீழ எறங்குங்க! ஹன்னா அங்க தனியா நின்னுக்கினு இருக்குது!"

"எங்கடி? இன்னா ஆச்சு?"

"ஏர்போட்லதான். கூப்புட வரேன்னவங்க யாரும் வரலியாம். போன்ல சார்ஜு வேற இல்லையாம். நீங்க இன்னாத்துக்குப் போன எடுக்கல? எத்தினி வாட்டி அடிக்கறது?"

பழம் அறுக்கிற கையோடு போனைத் தொட முடியாது என்று அதைப் பையில் போட்டு, தராசு ரூமில் மாட்டியிருந்தான். அதை எடுத்துச் சொல்ல நேரமில்லை. தபிதாவின் போன் அவள் கையிலேயே அடித்தது.

ஹன்னா அவர்களுக்கு ஒரே பெண். நர்சிங் படித்துத் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். அயர்லாந்தில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு விடுதியில் வேலை கிடைத்து, முந்தின நாள்தான் சென்னையில் விமானம் ஏற்றி அனுப்பினார்கள். கிரீம்ஸ்பேட்டைச் சபையே கூடி ஜெபம் பண்ணி வழியனுப்பியது. டப்ளினில் ஜின்சி என்று ஒரு கேரளத்துப் பெண், கூடப் படித்த சீனியர், வந்து கூட்டிப்போய் வீட்டில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த ஒரு ஏற்பாட்டை நம்பித்தான் தபிதா பெண்ணை விமானத்தில் ஏறவே விட்டாள்.

"டாடி, ஜின்சி அக்காவுக்கு வலி வந்துடுச்சாம்," என்றாள் ஹன்னா. குரல் நடுங்கவில்லை, வேகமாக மட்டும் இருந்தது. "நாள் இன்னும் இருக்குது, முன்னாடியே வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கோம்னு அவங்க வீட்டுக்காரரு ஒரு மெசேஜ் போட்டாரு. அப்பறம் அவரும் எடுக்கல."

"ஒனக்கு வேல குடுத்தவங்க?"

"ஆபீசு திங்கக்கிழமதான் டாடி. இன்னிக்கு யாருமே எடுக்கல. பேங்க்குல குடுத்தாங்களே கார்டு, அது இங்க வேல செய்யல. ஓட்டலும் போட முடியல, சார்ஜருக்குச் சொருகற பின்னும் வாங்க முடியல. இங்க ஓட்டையே வேற மாதிரி இருக்குது. நம்ம பின்னு போவல."

"இரு, நான் பேங்க்குக்கு…"

"ரெண்டாவது சனிக்கிழம டாடி. நம்ம ஊர்லயும் லீவு."

தபிதா போனுக்குள் வாயை வைத்து, "அங்கியே நில்லும்மா! யாரு கூப்ட்டாலும் போவாத! அப்பா யாரையாவது அனுப்புவாரு!" என்று கத்தினாள்.

"வெளிய வர கதவுக்கு நேரா நிக்கறேம்மா. மொதல் டெர்மினல். சிவப்புக்கு வந்துடுச்சு, ஆப் ஆயிடும், நீங்க பயப்…"

ஆப் ஆகிவிட்டது.

'யாரையாவது அனுப்புவார்' என்று அவள் சொல்லிவிட்டாள். யாரை? ஸ்டான்லிக்கு அயர்லாந்து என்றால் மேப்பில் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் துண்டு. தராசு ரூமிலிருந்து தன் போனை எடுத்துவந்து, வேலை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் ஆபீசுக்கு அடித்தான், மணி போய்க்கொண்டே இருந்தது. சபை ஐயருடைய தம்பி மகன் லண்டனில் இருப்பது ஞாபகம் வந்து அவருக்கு அடித்தான். அவர் லண்டனுக்கும் டப்ளினுக்கும் நடுவில் கடல் இருக்கிறதே ஸ்டான்லி என்று வருத்தப்பட்டு, போனிலேயே ஜெபம் பண்ண ஆரம்பித்தார். ஜெபத்தின் நடுவில் கட் பண்ணுவது பாவம் என்று அவன் ஆமென் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

தபிதா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "முனிசேகர் அண்ணன் அந்த ஊர்லதான இருக்காரு."

"அவன் பேர எடுக்காத."

"வேற யார் பேரத்தான் எடுக்கறது? ஒங்க வீம்பு பெருசா, பொண்ணு பெருசா?"

"என் நைனா சாவுக்கு வராதவன்டி அவன்!"

அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு மேஸ்திரி மணியம்மா. ஏற்கெனவே வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "சாவுக்கு வரலன்னா இன்னா சாரு, உசுரோட இருக்கிற புள்ளைக்கு வரட்டுமே," என்றாள். அவளுக்கு யார் என்ன என்று ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது.

முனிசேகர் வெங்கடகிரிப் பக்கத்துத் தெலுங்குப் பையன். ஸ்டான்லியும் அவனும் திருப்பதியில் டிகிரி படித்தபோது, பைராகிப்பட்டெடையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து இருந்தவர்கள். இரண்டு பேரும் கெமிஸ்ட்ரி. ஒரு பாய், ஒரு ஸ்டவ், நல்ல சட்டை என்று இருவருக்குமாக ஒன்று. முனிசேகருக்கு அப்பா இல்லை. ஊரிலிருந்து கொண்டு வந்த கோங்கூரா என்கிற புளிச்சக்கீரை ஊறுகாயைச் சோற்றில் பிசைந்து மூன்று வேளையும் அதையே தின்கிறவன். ஸ்டான்லியின் அப்பா சத்தியநாதன் அப்போது சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். டியூட்டி இருக்கிற நாளெல்லாம் பஸ் ஸ்டாண்டில் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுத்துவிட்டுப் போவார். முதல் தடவை முனிசேகரைப் பார்த்ததும், "இவன் இன்னாடா, காத்த துன்னு உசுரோட இருக்கானா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து கேரியரில் ஓர் அடுக்கு கூடியது.

முனிசேகர் அவரை நாயனா என்று கூப்பிட ஆரம்பித்தான். ஸ்டான்லிக்கு நைனா, அவனுக்கு நாயனா. பண்டிகைக்குச் சித்தூர் வருவான். கிறிஸ்துமஸுக்கு வந்து மாதா கோயிலும் இந்தச் சபைக் கோயிலும் ஒன்றா என்று ஐயரிடமே கேட்டுவிட்டு அசடு வழிந்தவன். பஸ்ஸில் அவன் ஏறினால் சத்தியநாதன் தன் பாக்கெட்டிலிருந்து காசை எடுத்துப் பையில் போட்டு, டிக்கெட்டைக் கிழித்து அவன் கையில் கொடுப்பார். படிப்பு முடிந்து ஹைதராபாத், அங்கிருந்து ஏதோ மருந்துக் கம்பெனி மூலமாக அயர்லாந்து. போன பிறகும் மாசம் ஒரு போன் வரும், ஸ்டான்லிக்கு அல்ல, நாயனாவுக்கு.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சத்தியநாதன் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் முனிசேகரிடமிருந்து போன் வந்தது. ஸ்டான்லி கல்லறையிலிருந்து திரும்பி, யாரோடும் பேச முடியாமல் படுத்துக் கிடந்தான். தபிதாதான் எடுத்துப் பேசினாள். "வரேன்னு சொன்னாரு," என்றாள். அவன் வருவான் என்று ஸ்டான்லி நினைவு ஆராதனைக்கு நாள் குறிப்பதைக் கூடத் தள்ளிப் போட்டான். வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு போன் கூட இல்லை. நைனாவின் கேரியரில் சாப்பிட்டவன், நைனா மண்ணுக்குள் போனதும் கையைக் கழுவிவிட்டான் என்று ஸ்டான்லி முடிவு கட்டினான். கோபக்காரர்களுக்கு முடிவு கட்டுவது சுலபம். காலேஜ் நண்பர்களின் வாட்ஸாப் குரூப்பில் இரண்டு பேரும் இருந்தார்கள். புது வருஷத்துக்கு அவன் வாழ்த்துப் போட்டால் இவன் மறுநாள் போடுவான், அதே நாளில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வான்.

இப்போது அந்த நம்பரைத்தான் எடுத்தான். கையில் மாம்பழப் பிசின், இந்தத் தடவை திரை விரலை ஏற்கவில்லை. மணியம்மா தன் முந்தானையால் அவன் கையைத் துடைத்துவிட்டாள்.

முதல் தடவை மணி போய்ப் போய் நின்றது. இரண்டாம் தடவை எடுத்தான்.

"ஹலோ, சேகர் ஹியர்."

"நேனு… ஸ்டான்லினி."

"ஏ ஸ்டான்லி?"

எந்த ஸ்டான்லி என்று கேட்கிறான். இவனுக்கு வாழ்நாளில் எத்தனை ஸ்டான்லியைத் தெரியும்? ஸ்டான்லி உதட்டைக் கடித்துக்கொண்டு, "சித்தூரு," என்றான்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. பிறகு, "செப்பு," என்றது குரல். சொல்லு என்கிற அந்த வார்த்தையை எவ்வளவோ அன்பாகவும் சொல்லலாம். அவன் தாலுக்கா ஆபீஸ் கிளார்க் மனு வாங்குகிற தோரணையில் சொன்னான்.

பெண் நடுரோட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறாள், ஸ்டான்லி என்ன பேசினான் தெரியுமா? "இங்க மாங்கா சீசனு," என்றான். "இந்த வருஷம் காய்ப்பு ஜாஸ்தி. வெலதான் இல்ல." தெலுங்கில் அழகாக, இலக்கணம் பிசகாமல் சொன்னான்.

தபிதா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவள் ராணிப்பேட்டைக்காரி. கல்யாணம் ஆகிச் சித்தூர் வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியும், சுற்றி எல்லாரும் தமிழ்ச் சபைக்காரர்களாக இருந்ததால் அவள் தெலுங்கு காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. தமிழ் வார்த்தைக்கு முன்னால் 'சால' போட்டால் ரொம்ப, பின்னால் 'லேது' போட்டால் இல்லை, அவ்வளவுதான் தெலுங்கு என்பது அவள் இலக்கணம். கத்தரிக்காய்க்கு அது போதும்.

"அண்ணா! நேனு தபிதா! அவசரம் அண்ணா! சால சால அவசரம் அண்ணா!"

முனிசேகர் மெதுவாகச் சொன்னான்: "அப்புடு அவசரம் லேதன்னாவு. இப்புடு அவசரமா, அம்மா?"

அப்போது அவசரம் இல்லை என்றாய், இப்போது அவசரமா என்று கேட்கிறான் என்பது வரை அவளுக்குப் புரிந்தது. எதைச் சொல்கிறான் என்று புரியவில்லை, யோசிக்கவும் அவளுக்கு நேரமில்லை. "ஹன்னா அண்ணா! ஏர்போர்ட்டு! டப்ளினு! ஒக்கத்தே!" என்றாள். ஒருத்தியாக என்பதற்கு அந்தத் தெலுங்கு வார்த்தை எங்கிருந்து வந்ததோ, சரியாக வந்துவிட்டது.

"ஹன்னா எவரு?"

ஸ்டான்லி போனைத் திரும்ப வாங்கினான். "என் பொண்ணுடா."

"நாயனா மனவராலா?"

நாயனாவின் பேத்தியா என்று கேட்டான். உன் பெண்ணா என்று கேட்கவில்லை. ஸ்டான்லி "ஆமாண்டா" என்றதும் அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம், சாவி சத்தம், "கல்பனா, நான் கிளம்பறேன்" என்று மனைவிக்குச் சொல்கிற சத்தம் எல்லாம் வந்தது. இனி அவன் பேசியதைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"எந்த டெர்மினல்?"

"மொதல் டெர்மினலு. வெளிய வர கதவுக்கு நேரா. போன் ஆப் ஆயிடுச்சு."

"நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். மோட்டார்வேயில் வேலை நடக்குது, கூடவும் ஆகலாம். அவ அங்கிருந்து நகராம இருந்தா சரி," என்றவன், கட் பண்ணுவதற்கு முன்னால், "உங்களுக்கு நான் வேணும்னா வரணும், வேணாம்னா வரக்கூடாது, இல்லையா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வைத்தான்.

இது என்ன பேச்சு? வராதவன் இவன், குத்திக் காட்டுகிறவனும் இவனா? ஸ்டான்லிக்குக் காது மடல் சூடாகிவிட்டது. ஆனால் போகிறேன் என்று கிளம்பியவனிடம் கோபப்பட முடியுமா? விழுங்கிக்கொண்டு, ஹன்னாவின் போட்டோ ஒன்றை அவனுக்கு அனுப்பினான். இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. வண்டி ஓட்டுகிறவன் எப்படிப் பார்ப்பான்? அவன் ஹன்னாவைக் கடைசியாகப் பார்த்தது அவள் தொட்டிலில் கிடந்த வயசில். போட்டோ பார்க்காமல் அத்தனை கூட்டத்தில் எவளென்று தேடுவான்?

காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆனால் லாரிக்காரர்களுக்கு இவன் பெண்ணைப் பற்றி என்ன தெரியும்? வரிசையில் ஹாரன் அடித்தார்கள். மேற்கே கொஞ்சம் கருத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் திறந்த லோடெல்லாம் வீணாகும் என்று ரைத்துகள் தார்ப்பாய் தேடி ஓடினார்கள். ஸ்டான்லி மறுபடியும் டிராக்டர் மேல் ஏறி நான்கு பழம் அறுத்தான். குழாயைக் கண்ணில் வைத்தால் கோடு தெரியவில்லை, கலங்கலாக இருந்தது. எல்லாவற்றுக்கும் "சரி, போ, போ" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு அந்த நேரத்தில் வந்த ரைத்துகளுக்கு யோகம்.

தபிதா தராசு ரூமின் நிழலில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மணியம்மா தன் தூக்கிலிருந்து களியும் வேர்க்கடலைச் சட்னியும் எடுத்து நீட்டினாள், இவள் தலையை ஆட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏங்க," என்று கூப்பிட்டாள். "அப்ப அவசரம் இல்லன்னியேன்னாரே, அது இன்னா?"

"எனக்கு இன்னா தெரியும்? ஒன் கிட்டதான சொன்னான்."

"நான் அவர் கிட்ட எப்பங்க பேசினேன்? மாமாவ அடக்கம் பண்ணன்னிக்குப் பேசினதுதான்."

டிராக்டரிலிருந்து இறங்கப் போன ஸ்டான்லி ஒரு காலைச் சக்கரத்தின் மேல் வைத்தபடி நின்றான்.

"அன்னிக்கு இன்னா சொன்ன அவன் கிட்ட?"

"இன்னா சொன்னேன்? அவரு ஒரே அழுவ. டிக்கெட்டு பாத்துக்கினு இருக்கேன், வந்துடறேன்னாரு. எனக்கே பாவமா இருந்துச்சு. அதான் அடக்கம் ஆயிடுச்சே, இனிமே அடிச்சி புடிச்சி ஓடியாந்து இன்னா ஆவப்போவுது, நல்லா லீவு போட்டுக்கினு பொறுமையா வரட்டும்னு…"

"அத்த தெலுங்குல எப்டிடி சொன்ன? அந்த வார்த்தைய சொல்லு!"

"அவசரம் லேது அண்ணான்னேன்."

ஸ்டான்லி கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒரு வாட்டி இல்லங்க, ரெண்டு மூணு வாட்டி சொன்னேன். அவரு 'லேதா, லேதா'ன்னு கேட்டுக்கினே இருந்தாரா, காதுல உழலியோன்னு, அவசரமே லேது அண்ணான்னு சத்தமாக் கூட சொன்னேன். சரிம்மான்னு வெச்சிட்டாரு."

மணியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். தபிதாவுக்கு முன்னால் அவளுக்குத்தான் விளங்கியது.

"அடிப்பாவி," என்றான் ஸ்டான்லி. "அவங்க பாஷைல அவசரம்னா தேவைடி! அவசரமே லேதுன்னா, நீ வரத் தேவையே இல்லன்னு அர்த்தம்! நைனா சாவுக்கு அழுதுக்கினு வரேன்னவன, நீ வராதன்னு கத்திச் சொல்லியிருக்க!"

"நானா? நான் மெதுவா வாங்கன்னுதானங்க சொன்னேன்!" தபிதா எழுந்துவிட்டாள். "அப்ப நம்ம அவசரத்துக்கு அவங்க இன்னாதான் சொல்வாங்க?"

"தொந்தர," என்றாள் மணியம்மா.

"தொந்தரவா?"

"தொந்தரவு இல்லமா, தொந்தர. சீக்ரம்னு அர்த்தம்."

"இது இன்னா பாஷடி யம்மா! சீக்கிரத்துக்குத் தொந்தரவுன்றாங்க, தேவைக்கு அவசரம்ன்றாங்க. பச்சத் தண்ணி மாதிரி நல்லா இருக்கிற வார்த்தைய எடுத்து வெச்சிக்கினு…" என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் அழுதுவிட்டாள்.

ஸ்டான்லிக்கு அவளை நாலு திட்டு திட்டத்தான் வாய் வந்தது. அவளுக்குத் தெலுங்கு வராது. ஆனால் அவனுக்கு இரண்டு பாஷையும் வருமே? என்ன சொன்னாய் என்று ஒரு நாள் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். எதைக் கேட்டான்? வராதவன் வராதவன் என்று இத்தனை வருஷம் அவனைத் திட்டினான், அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவன், சோறு போட்ட வீடே நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். வேற ஜாதி, வேற சாமி, அதனால்தான் சாவு வீட்டில் சேர்க்கவில்லை என்று கூட நினைத்திருப்பான். நினைக்கமாட்டானா?

திட்ட வந்த வாய் சிரித்துவிட்டது. சிரிப்பென்றால் நல்ல சிரிப்பு இல்லை. "அவசரமே லேது அண்ணா," என்று அவள் கத்தியதைக் கத்திக் காட்டினான். தபிதா அழுதபடியே அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பெண் பத்திரமாக இருக்கிறாளா என்று தெரியாமல் சிரிக்கிறோமே என்று பயந்து உடனே நிறுத்திக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் ஆனது. அதற்கு மேலும் ஆனது. போட்டோவில் டிக் நீலமாகாமலே இருந்தது. மேகம் பேக்டரிக்கு மேலே வராமல் பலமனேர் மலைப்பக்கமாக ஒதுங்கிப் போனது, ரைத்துகள் தார்ப்பாயைச் சுருட்டினார்கள். ஸ்டான்லி போனைப் பையில் போடவில்லை. பிசின் ஒட்டினால் ஒட்டட்டும் என்று கையிலேயே வைத்திருந்தான். பெண் நகர்ந்திருப்பாளோ, யாராவது வா என்று கூட்டிப் போயிருப்பார்களோ, அவன் வேறு வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பானோ? தபிதா மனசுக்குள் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தாள், உதடு அசைவது தெரிந்தது.

அடித்தது. முனிசேகர் நம்பர்.

"டாடி," என்றாள் ஹன்னா.

தபிதா அந்தக் கூடை மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். கூடை நசுங்கியது. "கர்த்தாவே, கர்த்தாவே," என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மணியம்மா வரிசையைப் பார்த்து, பிள்ளை கிடைத்துவிட்டது என்று தெலுங்கில் கூவினாள். விஷயமே தெரியாத லாரிக்காரர்கள் இரண்டு பேர் சந்தோஷமாக ஹாரன் அடித்தார்கள்.

"நான் கார்ல உக்காந்துட்டேன் டாடி. அங்கிளு சாண்ட்விச்சு வாங்கிக் குடுத்தாரு, துன்னுட்டேன். ஜின்சி அக்காவுக்குப் பையன் பொறந்துடுச்சு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம். அங்கிளு போன்ல பேசிட்டேன். இருங்க, அவர் கிட்ட குடுக்கறேன்."

"ஸ்டான்லி," என்றான் முனிசேகர். "பொண்ணு வந்துட்டா. வீட்டுக்குக் கூட்டிப் போறேன். எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும். திங்கக்கிழமை நானே கொண்டு போய் வேலையில விடறேன். பயப்படாத." கடமையைச் செய்து முடித்தவன் பேச்சு. வைத்துவிடப் போகிறான் என்று தெரிந்தது.

"வெச்சிடாதடா," என்றான் ஸ்டான்லி. "தபிதா ஒன்னு சொல்லணுமாம்."

தபிதா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மணியம்மாவைப் பார்த்தாள், மணியம்மா வாயசைத்துக் காட்டினாள். "அண்ணா," என்றாள் தபிதா. "நேனு அப்புடு செப்பினது… தொந்தர லேதுன்னு அண்ணா. தொந்தர லேது. மெதுவா ரண்டின்னு. எனக்குத் தெலுங்கு ராது அண்ணா. அவசரம்னா எங்க பாஷைல தொந்தர." சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் தமிழ் பீறிக்கொண்டு வந்தது. "நீங்க வராம யாரு வரணும் அண்ணா, அந்த வீட்டுக்கு? ஒங்களுக்காக நாளத் தள்ளித் தள்ளிப் போட்டாரு அண்ணா இவரு!"

தமிழ் முனிசேகருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஸ்டான்லி போனை வாங்கினான்.

"தொந்தர லேதுன்னா சொன்னா?" என்று கேட்டான் முனிசேகர்.

"அதத்தான்டா சொல்ல நெனச்சா."

"அப்ப நான் வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்டா."

"டிக்கெட் எடுத்து வெச்சிருந்தேன் ஸ்டான்லி. கான்சல் பண்ணிட்டேன்."

ஸ்டான்லி வானத்தைப் பார்த்தான். பேச்சை மாற்ற வேண்டும் என்பதற்காகவே கேட்டான்: "போட்டோ அனுப்பினேன், நீ பாக்கவே இல்ல. எப்டிடா கண்டுபுடிச்ச அவள?"

முனிசேகர் சிரித்தான், அல்லது மூக்கை உறிஞ்சினான்.

"போட்டோ எதுக்குடா? கதவு திறந்தது. தூண்ல இடுப்பைச் சாய்ச்சிட்டு, ஒரு காலை மடக்கித் தூணுக்கு முட்டுக் கொடுத்துட்டு, பையை அக்குள்ல இடுக்கி, காதுல பேனா. போற வர ஆளையெல்லாம் டிக்கெட் வாங்கினியான்ற மாதிரி பாத்துட்டு நிக்கறா. ஓடற பஸ்ஸுல நாயனா நிப்பாரே, அதேதான். நேரா போய், ஹன்னாவான்னு கூட கேக்கல, பெட்டியைத் தூக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அன்னிக்கு வரலைன்னா போகட்டும் விடு. இன்னிக்குப் பாத்துட்டேன்."

போன் கை மாறுகிற சத்தம் வந்தது.

"டாடி," என்றாள் ஹன்னா, குரலைத் தாழ்த்தி. "இந்த அங்கிளு காரை எடுக்காம ஸ்டீயரிங் மேல தலைய வெச்சிக்கினு அழுவுறாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

"ஒன்னும் பண்ணாத. அழுவட்டும் விடும்மா," என்றான் ஸ்டான்லி. "நைனா அவனுக்கு இன்னிக்குத்தான் போனாரு."